தள்ளுவண்டியோடு ஒரு கோப்பும் செய்து கொடுங்கள்

டெல்டா மாவட்டம் ஒன்றில் சிறிய இரும்புப் பட்டறை நடத்துகிறேன். குப்பை அள்ளும் தள்ளுவண்டி, மூன்று சக்கர வண்டி, தொட்டிகளை மாட்டி வைக்கும் இரும்புச் சட்டம் ஆகியவை எங்கள் சொந்தத் தயாரிப்பு. பிளீச்சிங் பவுடர், பினாயில், சுண்ணாம்புத்தூள், துடைப்பம், கையுறை போன்றவற்றை மொத்தமாக வாங்கி விற்கிறோம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கிராம ஊராட்சிகளும் பேரூராட்சிகளும்தான். ஒன்றிரண்டு நகராட்சிகளும் உண்டு. இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று கேட்பவர்கள் எல்லோரிடமும் இரண்டு அச்சங்கள் இருக்கின்றன. உள்ளே ஆள் இருந்தால்தான் நுழைய முடியும் என்பது ஒன்று, சரக்கு போனால் பணம் வராது என்பது மற்றொன்று. முதலாவது பாதி பொய். இரண்டாவது பாதி உண்மை, அந்தப் பாதியில் பெரும்பங்கு நம் கையிலேயே இருக்கிறது.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு பேரூராட்சியின் தலைமை எழுத்தர். வண்டியின் அச்சு, சக்கரம், தகட்டின் கனம் என்று நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, வண்டி ஓடுகிறதா என்று தணிக்கையில் யாரும் தள்ளிப் பார்க்கமாட்டார்கள். தாள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்" என்றார். அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் வரும்போது, சரக்கு வாங்கிய அலுவலர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருக்கலாம், ஓய்வும் பெற்றிருக்கலாம். ஆனால் அவருடைய கையெழுத்து கோப்பில் இருக்கும். ஒரு தாள் குறைந்தால் தணிக்கைத் தடை எழுதுவார்கள். அந்தத் தடை தீரும்வரை அவருக்கு நிம்மதி இல்லை. ஆகவே, உங்களிடம் வாங்கும் அலுவலர் வண்டியை மட்டும் வாங்கவில்லை, தணிக்கையில் தாங்கி நிற்கக்கூடிய ஒரு கோப்பையும் சேர்த்து வாங்குகிறார். இதை உணர்ந்த சிறு நிறுவனத்துக்கு, அங்கே ஆள் இல்லாவிட்டாலும் இடம் கிடைக்கிறது. விலைப்புள்ளியில் தொடங்கி ஒப்புகைச் சீட்டு வரை பிசிறில்லாமல் கொடுப்பவரின் பெயரை எழுத்தர்கள் மறப்பதில்லை.

உள்ளாட்சி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே வாடிக்கையாளர் அல்ல. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள், 388 ஊராட்சி ஒன்றியங்கள், பேரூராட்சிகள், நகராட்சிகள், 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. பேரூராட்சியில் செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும், நகராட்சியில் ஆணையரை. பொருளின் தரத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் சுகாதாரப் பிரிவிலோ பொறியியல் பிரிவிலோ இருப்பார்கள். ஊராட்சியில் தலைவரும் செயலரும். பெரிய கொள்முதல் என்றால் ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர். கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். இருவரும் எதிரெதிர் அணியைச் சேர்ந்தவர்களாக இருந்து, சரக்கு இறங்கிப் பல மாதங்கள் கழிந்தும் காசோலை மேசையிலேயே கிடந்த ஊர்கள் எனக்குத் தெரியும். அத்தகைய ஊரில் ஆணை வாங்குவதற்கு முன் இருவரையும் பார்த்துவிடுவது நல்லது. ஒருவரை மட்டும் பார்த்தால் மற்றவருக்கு நீங்கள் எதிரியின் ஆள் ஆகிவிடுவீர்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது, இதே ஊராட்சிகளில் கையெழுத்திடும் ஆளே மாறிப்போனார். யார் கையெழுத்திடுவார், எந்தத் தீர்மானத்தின் பேரில் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பதிவுகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி எண், பான், நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். உத்யம் பதிவு இலவசம். பணம் கேட்கும் இணையதளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். 2025 ஏப்ரல் முதல், இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாத நிறுவனம் குறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வருகிறது. நம்மில் பெரும்பாலோர் இதற்குள் அடங்கிவிடுவோம்.

ஆனால் உத்யம் சான்றிதழ் கையில் இருப்பதால் எல்லாச் சலுகையும் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) போடும்போது கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு என்பது பொதுவாக, தானே உற்பத்தி செய்யும் பொருளுக்குத்தான். என் தள்ளுவண்டிக்கு அதைக் கேட்கலாம், பிளீச்சிங் பவுடருக்குக் கேட்க முடியாது, ஏனென்றால் அதில் நான் வெறும் வியாபாரி. விலக்கு உண்டா, எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்பதை அந்தந்த ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு நிறுவனங்களிடம் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்னும் 2012-ஆம் ஆண்டு ஆணையைக் காட்டி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வாதாடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது மத்திய அமைச்சகங்களுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உரியது. ஊராட்சிக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

இங்கே செல்லுபடியாவது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன்கீழ் 2000-இல் வந்த விதிகளும்தான். இவற்றை ஒருமுறையாவது படித்துவிடுங்கள், பெரிய சட்டம் அல்ல. இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். முன்வைப்புத் தொகை ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விலை அதிகம் என்று கருதினால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே பேரம் பேசலாம். முடிவில் குறை இருந்தால், ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். மிகக் குறுகிய அவகாசத்தில் ஓர் அறிவிப்பு வந்தால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "அவகாசக் குறைப்புக்கான ஆணையின் நகல் கிடைக்குமா ஐயா?" என்று பணிவாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும். தேதி நீட்டிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒப்பந்தப்புள்ளிகள் டிஎன்டெண்டர்ஸ் என்னும் அரசு இணையதளத்தில் மின்னணு முறையில் வருகின்றன. அதற்கு மூன்றாம் வகை மின்கையொப்பம் வேண்டும். அது காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், கடைசி நாளில் கையொப்பம் வேலை செய்யாமல் தவித்தவர்கள் ஏராளம். விலை நிரப்புவதற்கு ஒரு எக்செல் கோப்பு தருவார்கள். அதன் பெயரை மாற்றக் கூடாது, கட்டங்களைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாற்றினால் தளம் ஏற்றுக்கொள்ளாது. தகுதிச் சான்றுகளை மட்டும் ஏற்றும் தொழில்நுட்ப உறைக்குள் தவறியும் விலை தெரியும் தாள் போய்விடக் கூடாது. நேரம் என்பது தளத்தின் கடிகாரப்படிதான், நம் சுவர்க் கடிகாரப்படி அல்ல. முந்தின நாள் மாலையே பதிவேற்றி, ஒப்புகையை அச்செடுத்து வைத்துவிட்டு உறங்கப் போவது என் வழக்கம். 2016-இல் தொடங்கிய, மத்திய அரசின் கொள்முதல் இணையதளமான ஜெம் தளத்திலும் சில உள்ளாட்சிகள் வாங்குகின்றன. பதிவு செய்து வைப்பதில் நட்டமில்லை. ஆனால் அங்கே நாடு முழுவதிலுமிருந்து வருபவர்களோடு போட்டி போட வேண்டும். தள்ளுவண்டி போன்ற இடம் அடைக்கும் பொருளுக்கு லாரி வாடகைதான் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

சிறு தொகைக் கொள்முதல்களுக்கு விலைப்புள்ளிகள் கேட்பார்கள். புதியவர்கள் நுழைய இதுவே நல்ல வாசல். பெரிய ஒப்பந்தப்புள்ளிகளில் முன்அனுபவச் சான்று கேட்பார்கள், அது இல்லாமல் உள்ளே போக முடியாது. முதலில் சிறிய ஊராட்சிகளுக்குப் பத்து வண்டி, இருபது மூட்டை என்று கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் "திருப்திகரமாக வழங்கப்பட்டது" என்று முத்திரையோடு சான்று வாங்கிச் சேருங்கள். பணம் வந்த கையோடு கேட்டால் உடனே தருவார்கள். அலுவலர் மாறிய பிறகு கேட்டால், "என் காலத்தில் நடந்ததில்லையே" என்பார்கள்.

விலை போடுவதில்தான் பலரும் கவிழ்கிறார்கள். கடந்த ஆண்டு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது ரகசியம் அல்ல. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சென்ற ஆண்டின் விலை ஒப்பீட்டுப் பட்டியலின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒப்பந்தப்புள்ளி வந்த பிறகு கேட்டால் பதில் வருவதற்குள் தேதி முடிந்துவிடும், ஆகவே அமைதியான மாதங்களில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, சரக்கை எங்கே இறக்க வேண்டும் என்று பாருங்கள். ஒன்றியத்துக்கு என்று ஆணை இருக்கும். உள்ளே படித்தால் ஒவ்வொரு ஊராட்சிக்கும் நேரில் கொண்டுபோய் இறக்கி, செயலரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று இருக்கும். எனக்குப் போட்டியாக இருந்த ஒருவர் இதைக் கவனிக்காமல் கிடங்கு விலையைப் போட்டு ஆணையையும் பெற்றார். ஊர் ஊராகப் போன மினி லாரியின் வாடகையும் கூலியும் அவருடைய லாபத்தைத் தின்றுவிட்டன. பாதியில் நிறுத்தினார், வைப்புத் தொகையும் போயிற்று. விலை ஜிஎஸ்டி உள்ளிட்டதா, நீங்கலாகவா என்பதையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் ஒரு தனிக் கதை. ஐஎஸ் 1065 தரக்குறியீட்டில் முதல் தரத்துக்குக் கிடைக்கக்கூடிய குளோரின் 34 சதவீதம் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது இருக்கும். வெயிலும் ஈரமும் பட்டால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். தகரக் கொட்டகையில் இரண்டு மாதம் கிடந்த மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், தரக்குறைவு என்ற முடிவு உங்கள் தலையில் விழும். கொட்டகையின் பெயர் எங்கேயும் வராது. அதனால் இறக்குகிற அன்றே, அலுவலர் முன்னிலையில் மாதிரி எடுத்து முத்திரையிடச் சொல்லிக் கேட்கிறேன். தயாரிப்புத் தேதியும் தொகுதி எண்ணும் தெரியும்படி மூட்டைகளைப் படம் எடுத்து, ஒப்புகைச் சீட்டிலும் அந்த எண்ணை எழுதி வாங்குகிறேன். மொத்தத்தையும் ஒரே தவணையில் தள்ளிவிடாமல், மாதவாரியாக வழங்கலாமா என்று முன்கூட்டியே கேட்பதும் இதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு. ஜூன் மாதம் போட்ட விலையில் நவம்பர் மாதம் கொடுக்க வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் கேட்கும்போது கொள்முதல் விலை ஏறும். ஆண்டு விலை ஒப்பந்தம் என்றால் மழைக்கால விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மறுநாளே தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. "எவ்வளவு இருந்தாலும் அனுப்புங்கள், ஆணை பின்னால் வரும்" என்றார்கள். இயற்கைப் பேரிடர்க் காலத்தில் ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் வாங்கச் சட்டத்தின் 16-ஆம் பிரிவே இடம் தருகிறது. அதனால் கேட்டவர்கள் மேல் தவறில்லை. அந்த நிலையில் ஆணைக்காகச் சரக்கை நிறுத்தி வைக்கவும் மனம் வராது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினேன். இன்ன பொருள், இத்தனை மூட்டை, இன்ன விலை, இன்னாருடைய வாய்மொழி வேண்டுகோளின்படி அனுப்பப்படுகிறது என்று எழுதி, பெற்றுக்கொண்டவர் பெயரும் பதவியும் தேதியும் நேரமும் முத்திரையும் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முத்திரை எங்கே இருக்கிறது என்று தேட முடியாத அலுவலகங்களில் கையெழுத்தும் கைபேசி எண்ணும் மட்டும் வந்தன. சில மாதங்கள் கழித்துக் கோப்பு கட்டியபோது, அந்தக் கசங்கிய தாள்களை வைத்துத்தான் எழுத்தர்கள் பின்னேற்பு ஆணைக்கு எழுதினார்கள். எனக்குப் பணம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. என்னோடு சேர்ந்து அள்ளிக் கொடுத்த இன்னொரு வியாபாரியிடம் தாளே இல்லை. அவர் கொடுத்ததை யாரும் மறுக்கவில்லை, கோப்பில் ஏற்ற வழியும் யாருக்கும் தெரியவில்லை.

இனி, எல்லோரும் கேட்கத் தயங்கும் விஷயம். "உங்கள் பெயரில், என் விலையைவிடக் கூட்டி, ஒரு துணை விலைப்புள்ளி கொடுங்கள், அடுத்த முறை உங்களுக்கு நான் கொடுக்கிறேன்" என்று சக வியாபாரிகள் கேட்பார்கள். நட்பாகத்தான் கேட்பார்கள். மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே கணினியில், ஒரே எழுத்துப்பிழையோடு தட்டச்சாகியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இது கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயிப்பது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. மறுத்தால் சில மாதங்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். கமிஷன் கேட்பவர்களும் இருக்கிறார்கள்; இல்லை என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தினால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு. என் அனுபவத்தில், விலையை ஒட்ட வெட்டிப் போட்டவரிடம் கேட்டுப் பயனில்லை என்று கேட்பவர்களுக்கும் தெரியும். கொழுத்த விலை போட்டவரிடம்தான் பங்கு கேட்கும் துணிவு வருகிறது. கேட்டே தீருவேன் என்ற அலுவலகம் ஒன்றை நான் விட்டுவிட்டேன். பக்கத்து ஒன்றியத்தில் வேலை இருந்தது.

பணம் எப்போது வரும் என்பது, அது எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. பொது நிதியா, திட்ட நிதியா, நிதிக்குழு மானியமா என்று ஆணை வாங்கும்போதே கேளுங்கள். 2021 முதல் 2026 வரையிலான 15-வது நிதிக்குழு மானியத்தில் ஊரக உள்ளாட்சிகளுக்கு 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அது வாழ்வு. ஆனால் தவணை வராவிட்டால் ஊராட்சித் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கொடுக்க ஒன்றுமிருக்காது. பட்டியலோடு (பில்) ஆணையின் நகல், ஒப்புகைச் சீட்டுகள், தரச் சான்று, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்க எண், வங்கி விவரம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தைத்துக் கொடுக்கிறேன். இருப்புப் பதிவேட்டில் ஏறாத சரக்கு, அலுவலகத்தைப் பொறுத்தவரை வராத சரக்கு. ஆணையில் "சக்கரத் தள்ளுவண்டி" என்றும் பட்டியலில் "குப்பை வண்டி" என்றும் இருந்தால்கூடத் திருப்பி அனுப்புவார்கள். ஆணையில் இருக்கும் சொல்லையே பட்டியலிலும் எழுதுங்கள்.

வரி நீங்கலாக ஆணையின் மதிப்பு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் உள்ளாட்சி அமைப்பு 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்தம் செய்யும். 2018 அக்டோபர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தொகை காணாமல் போகவில்லை; ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் மின்னணு ரொக்கக் கணக்குக்கு வரும். நீங்கள் உள்ளே போய் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அலுவலகம் தன் மாதப் படிவத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் வராது, நினைவூட்டுவது நம் வேலை.

தாமதத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாட்களுக்கு மேல் தாமதித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். அதற்கான அரசு இணையதளத்தில் மனுச் செய்தால், இத்தகைய நிலுவை வழக்குகளைத் தீர்த்துவைக்கும் வசதியாக்கக் குழுமத்துக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாங்குபவர் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். கூர்மையான ஆயுதம்தான், ஆனால் உத்யம் பதிவு சரக்கு கொடுப்பதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வியாபாரிகளாகப் பதிந்தவர்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. நான் மனுவுக்கு முன் ஒரு கடிதத்தோடு நிறுத்துகிறேன். பட்டியல் எண், தேதி, சட்டப் பிரிவு, அன்றைய தேதிவரையிலான வட்டிக் கணக்கு, கடைசியில் "வட்டியைக் கோரும் எண்ணம் இல்லை, அசலை விரைந்து வழங்க வேண்டுகிறேன்" என்ற வரி. வட்டி கட்ட நேர்ந்தால் அதற்கும் தணிக்கைத் தடை வரும் என்பது படிப்பவருக்குத் தெரியும். பெரும்பாலும் அதற்கு மேல் போக வேண்டி வந்ததில்லை.

மார்ச் மாதத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் நிலுவைகள் நகரும், ஆகவே பிப்ரவரியில் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் நிலுவைப் பட்டியல் ஒன்றை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கி வருவேன். அதே நடையில் பிணை வைப்புத் தொகையையும் கேட்டுவிடுவேன். உத்தரவாதக் காலம் முடிந்தால் அது திரும்ப வர வேண்டிய பணம், ஆனால் கேட்காதவருக்கு எழுத்தர் தாமாக எழுதுவதில்லை. எந்த அலுவலகம், எந்த ஆணை, எவ்வளவு வைப்பு, எந்தத் தேதியில் முடிகிறது என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்று பட்டறை மேசையில் இருக்கிறது. சென்ற ஆண்டு தகடு வாங்கியதில் ஒரு பகுதி, அந்த நோட்டைப் பார்த்துக் கேட்டு வாங்கிய பழைய வைப்புத் தொகைகள்தான்.